எஸ்.எல்.எஸ். யாருக்காக? மலையகத்துச் சிறு உற்பத்தியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பண்டாரவளையில் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. கொய்யா ஜாம், பெயார்ஸ் ஜாம், மிளகாய்த்தூள், கறித்தூள் எல்லாம் அங்கேதான் செய்கிறோம். என்னையும் சேர்த்து ஐந்து பேர். பொருள் தரமானது என்று இலங்கைத் தரநிர்ணய நிறுவனம் தரும் எஸ்.எல்.எஸ். சான்றிதழுக்காக அலைந்து திரிந்ததில் படிவம் நிரப்பப் பழகிவிட்டேன். அந்தப் பெயர் எப்படியோ பரவி, ஹாலி-எல, வெலிமடை, அட்டன் பக்கமிருந்தெல்லாம் போன் எடுத்துக் கேட்கிறார்கள். ஒரே கேள்விக்கு இருபது தடவை பதில் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. தரநியமங்கள் எப்படி எழுதப்படுகின்றன, நம்மைப் போன்றவர்களுக்கு ஏன் இடிக்கின்றன, எதை மாற்றக் கேட்கலாம் என்பவைதான் இங்கே வருபவை.

நியமம் என்றால் சட்டமா அக்கா? இல்லாவிட்டால் பிடிப்பார்களா?

பொதுவாக இல்லை. ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று பலர் கூடி ஒத்துக்கொண்டு எழுதிய தாள்தான் நியமம். பின்பற்றுவதும் விடுவதும் நம் விருப்பம். அரசாங்கம் அதைக் கையில் எடுத்து வர்த்தமானியில் கட்டாயம் என்று போட்டுவிட்டால், அப்புறம் அது சட்டம். பி.எச்.ஐ. ஐயா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உங்கள் குசினியைப் பார்க்க வருவது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ். அவர் கேட்பது சுத்தத்தையும் லேபலையும். எஸ்.எல்.எஸ். இலச்சினை எங்கே என்று அவர் கேட்பதில்லை.

ஆனால் தாளில் விருப்பம் என்று இருப்பது கடையில் கட்டாயமாகிவிடும். பெரிய சுப்பர் மார்க்கெட்டில் ஒரு தட்டில் இடம் கேட்டுப் பாருங்கள், முதல் கேள்வியே சான்றிதழ் பற்றித்தான்.

இந்த நியமமெல்லாம் எதற்கு? அம்மம்மா காலத்தில் இல்லையே?

2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நாட்டில் இரண்டு காஸ் கம்பெனி. ஒன்றின் ரெகுலேட்டர் மற்றதன் சிலிண்டரில் பொருந்தாது. வரிசையில் நின்று கிடைத்த சிலிண்டரைத் தூக்கி வந்தும் அடுப்பைப் பற்றவைக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? அதற்கு முந்திய வருட இறுதியில் சிலிண்டர் வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தபோதுதான், உள்ளே புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு, அந்தக் கலவைக்கு நியமம் என்ன என்று ஊரே பேசியது. நியமம் சரியாக இருக்கும்வரை அதைப்பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

யார் எழுதுகிறார்கள்?

இலங்கைத் தரநிர்ணய நிறுவனம். 1964இல் சட்டம் போட்டுத் தொடங்கியது, அப்போது நாட்டின் பெயர் சிலோன். 1984ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தோடு இப்போதைய பெயர் வந்தது. இருப்பது கொழும்பில்.

அங்கே வேலை செய்யும் அதிகாரிகள் தாமாகவே உட்கார்ந்து எழுதிவிடுவதில்லை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு குழு உண்டு. பல்கலைக்கழகத்தவர், அரசாங்க ஆய்வுகூடத்தவர், அமைச்சுக்காரர், தொழில்துறையினர் அதில் இருப்பார்கள். குழு ஒரு வரைவு தயாரிக்கும். வரைவு பொதுமக்கள் கருத்துக்கு விடப்படும். வந்த கருத்துகளைப் பார்த்துத் திருத்தி, மேலே உள்ள சபை ஒப்புதல் தந்தால் அது எஸ்.எல்.எஸ். எண்ணோடு வெளிவரும். கருத்துக் கேட்பதற்கு உலக வர்த்தக அமைப்பின் நன்னடத்தைக் கோவை குறைந்தது 60 நாள் என்று வைத்திருக்கிறது. அந்த 60 நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அப்படியானால் எல்லாரையும் கேட்டுத்தானே எழுதுகிறார்கள்? பிறகு என்ன குறை?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஜாம் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பயிற்சியில் ஒரு கையேடு தந்தார்கள். ஜாம் 105 பாகைக்கு வரும்வரை காய்ச்ச வேண்டும் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. தெர்மாமீட்டர் வாங்கினேன். கொய்யாவைக் கூழாக்கி, சீனி போட்டு, அடுப்பில் ஏற்றிக் கிண்டத் தொடங்கினேன். 98 வந்தது, 100 வந்தது. 101இல் கரண்டியிலிருந்து தகடு போல விழுந்தது. எங்கள் மாமி பார்த்துவிட்டு, "போதும் புள்ள, இறக்கு" என்றார். நான் கேட்கவில்லை. கையேடு 105 என்கிறதே! நிறம் கறுக்க, அடி பிடிக்க, 105ஐத் தொடுமட்டும் கிண்டினேன். ஆறியதும் பார்த்தால் போத்தலுக்குள் கருப்பட்டி. கரண்டி இறங்கவில்லை. கடைக்காரர் நாற்பது போத்தலையும் திருப்பி அனுப்பினார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே ஏற ஏற, கிட்டத்தட்ட 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். பண்டாரவளை சுமார் 1,230 மீற்றர் உயரம், இங்கே தண்ணீர் 96 பாகை அளவில் கொதித்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே 94. ஜாம் பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட ஏறத்தாழ ஐந்து பாகை கூட. கொழும்பில் அது 105. எங்களுக்கு 101. மாமி சொன்ன இடம் அதே இடம்தான்.

அந்தக் கையேட்டை எழுதியவர் கெட்டவர் அல்ல. கடலோரத்தில் உட்கார்ந்து எழுதினார், அவ்வளவுதான். பக்கத்தில் மலையில் காய்ச்சுகிற ஒருவர் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பார்.

நியமக் குழுக்களின் குறையும் இதே மாதிரிதான். யாரும் சதி செய்வதில்லை. வந்தவர் பேசுகிறார், வராதவரின் குரல் தாளில் ஏறுவதில்லை. பெரிய கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு முகாமையாளர் இருக்கிறார். கூட்டத்துக்குப் போவது அவருடைய சம்பளம் வாங்கும் வேலை. நான் போக வேண்டுமானால் ராத்திரி பஸ் ஏறி, கூட்டம் முடித்து, அடுத்த ராத்திரி பஸ்ஸில் திரும்ப வேண்டும். இரண்டு நாள் அடுப்பு எரியாது. பழம் காத்திருக்காது.

வெப்பநிலை எழுதக் கூடாது என்றால் வேறு எதை எழுதுவதாம்?

முடிவை எழுத வேண்டும், வழியை எழுதக் கூடாது. எனக்கு இதைவிட முக்கியமான கோரிக்கை வேறு இல்லை.

கோடெக்ஸ் என்று ஒரு சர்வதேச உணவு நியம அமைப்பு இருக்கிறது. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்துவது, 1963இலிருந்து. அதன் 2009ஆம் ஆண்டு ஜாம் நியமத்தில், முடிந்த ஜாமில் கரைந்த திண்மம் (பெரும்பாலும் சீனிதான்) 60 முதல் 65 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை பாகையில் இறக்குவது என்று அது ஆணையிடவில்லை. கரைந்த திண்மத்தை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று உள்ளங்கை அளவில் ஒரு கருவி போதும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோட்டில் எண் தெரியும். கொழும்பானாலும் நுவரெலியாவானாலும் அது ஒரே எண். செப்புப் பானையோ நீராவிக் கொப்பரையோ அதற்குக் கவலை இல்லை.

உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் பற்றிய உடன்படிக்கையும் இதையே சொல்கிறது: இயன்ற இடங்களில் எல்லாம் வடிவத்தைவிடச் செயல்திறனை வைத்து எழுதுங்கள். 1995இலிருந்து இலங்கை அதற்குக் கட்டுப்பட்ட நாடு.

அதாவது சின்ன ஆட்களுக்காகத் தரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?

இல்லவே இல்லை. இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை எங்கேயோ போனபோது, அரிசி மாவும் சாயமும் கலந்த மஞ்சள்தூள் சந்தையில் ஓடியது. சுத்தமான தூள் அரைத்த நாங்கள்தான் விலை கூடியவர்கள் என்று பேச்சு வாங்கினோம். நல்ல நியமமும் ஒழுங்கான சோதனையும் முதலில் காப்பாற்றுவது நேர்மையான சின்ன ஆளைத்தான். பெயர் இல்லாதவருக்கு இலச்சினைதான் பெயர்.

சில இடங்களில் நமக்கு நியமம் கூடவே வேண்டும். ஜாம் போத்தலைக் கொதிநீரில் வைத்து எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். கடலோரத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும் என்கிற ஜாமுக்கு, அமெரிக்க வீட்டுப் பதனிடல் வழிகாட்டிகள் 1,000 அடிக்கு மேலே பத்து, 6,000 அடிக்கு மேலே பதினைந்து நிமிடம் கேட்கின்றன. பண்டாரவளை 4,000 அடி, நுவரெலியா 6,100க்கு மேல். கொதிநீர் நம்மிடம் சூடு குறைவு, அதனால் கூட நேரம் வேண்டும். கடல்மட்டத்து எண்ணை அப்படியே எடுத்தால் ஒரு பக்கம் ஜாம் கருகும், மறுபக்கம் போத்தல் பூஞ்சணம் பிடிக்கும்.

சிறு தொழில் என்பதற்கு அளவு என்ன? நான் அதில் வருவேனா?

தேசிய சிறிய நடுத்தர தொழில்முயற்சிக் கொள்கையின்படி உற்பத்தித் துறையில், பத்துப் பேர் வரை, வருட விற்பனை 15 மில்லியன் ரூபா வரை என்றால் நுண்தொழில். 11 முதல் 50 பேர், 250 மில்லியன் வரை சிறியது. 51 முதல் 300 பேர், 750 மில்லியன் வரை நடுத்தரம். இதை வாசிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நுண்தொழில்தான். சிறியது, நடுத்தரம் என்று பேசுகிற கூட்டங்களில் 200 பேர் வேலை செய்யும் நடுத்தரம்தான் வந்து உட்காரும், அதையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நியமத்தை வாசிக்கவே காசு கேட்கிறார்களே, இது என்ன நியாயம்?

நியமம் விற்பனைக்கு உரியது. உலகம் முழுக்க அதுதான் வழக்கம். ஐ.எஸ்.ஓ. என்கிற சர்வதேச நியம அமைப்பின் நியமத்துக்கு சுவிஸ் பிராங்கில் விலை போட்டிருக்கும். நியமம் எழுதும் செலவை விற்று எடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம். குழுவில் உட்கார்ந்து மூளையைக் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காமல் கொடுக்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வாதம் கொஞ்சம் மெலியும்.

ஒரு நியமம் வாங்கினால் அது இன்னும் மூன்று நியமத்தைச் சுட்டும். சோதனை முறை ஒன்றில், லேபல் இன்னொன்றில், சுகாதாரம் எஸ்.எல்.எஸ். 143இல். வெங்காயம் உரிப்பது மாதிரி.

மாற்றம் நடக்காமல் இல்லை. இந்தியா தன் தேசிய நியமங்களைப் பணமில்லாமல் தரவிறக்க விட்டிருக்கிறது. ஐரோப்பாவில் பொம்மைப் பாதுகாப்பு நியமங்களைப் பார்க்கக் கேட்டு இரண்டு அமைப்புகள் வழக்குப் போட்டன. 2024 மார்ச் 5இல் ஐரோப்பிய நீதிமன்றம், சட்டத்தோடு கட்டப்பட்ட நியமங்களை மக்கள் பார்ப்பதில் மேலான பொதுநலன் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. இங்கேயும் குறைந்தபட்சம் கட்டாயமாக்கப்பட்ட நியமங்களையாவது சும்மா வாசிக்க விட வேண்டும். காசு கொடுத்தால்தான் சட்டம் தெரியும் என்றால் அது என்ன சட்டம்?

தமிழில் கிடைக்குமா?

நியமங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இன் 13ஆம் திருத்தத்திலேயே எழுதியாயிற்று, அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் எழுதிப் பதில் பெறுவது நம் உரிமை. முழு நியமத்தையும் மொழிபெயர்க்க வருடக்கணக்காகும் என்றால் சரி, இரண்டு பக்கச் சுருக்கம் தரட்டும். எந்தப் பொருளுக்கு, என்ன எல்லை, என்ன சோதனை, லேபலில் என்ன. அதை யாரும் புரிந்துகொள்ளும் தமிழில் தர வேண்டும். ஒருமுறை ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது. அதை விளங்கிக்கொள்ள ஆங்கிலப் பிரதியைத் தேடி வாசித்தேன்.

தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருந்து முறுக்கு சுட்டு விற்கிறேன். எனக்கு எஸ்.எல்.எஸ். எடுக்க வழி இருக்கிறதா?

அட்டன் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டது. இதற்கு இனிப்பான பதில் இல்லை.

உணவுச் சுகாதாரத்துக்கான எஸ்.எல்.எஸ். 143 கேட்பது, மூலப்பொருள் வரும் பக்கம் வேறு, முடிந்த பொருள் போகும் பக்கம் வேறு என்கிற மாதிரியான ஒழுங்கு. கழுவக்கூடிய சுவர், பூச்சி வராத ஜன்னல், நல்ல தண்ணீர், கை கழுவத் தனி இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில், அதாவது லயத்து அறையில், குடும்பமே படுத்து எழும்புகிற இடத்தில் இதை எப்படிப் பிரிப்பது? சுவரை உடைத்துக் கட்டலாமா என்றால் கட்டடம் அவருடையது இல்லை, நிலமும் இல்லை. கடனுக்கு வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள். பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்யவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. சமையலறையைத் தொடுவதற்கு முன்னால் இத்தனை கதவு.

கவனித்தால், இதில் எண்ணெய் கெடாமல் இருப்பதும் கை சுத்தமும் ஈ மொய்க்காமல் மூடுவதும் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. அவை விட்டுக்கொடுக்க முடியாதவை. தனி அறை, தனி வாசல் என்பவை தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதிய வழிகள். இடத்தால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரிக்கலாம்: காலை முழுக்க மூலப்பொருள், கழுவித் துடைத்து, பிற்பகல் பொரிப்பும் பொதியிடலும். நியமத்தில் அதற்கு ஒரு வரி இடம் இருந்தால் பரிசோதகரும் மனச்சாட்சியோடு கையெழுத்துப் போடலாம்.

அதுவரைக்கும் என் ஆலோசனை ஒன்றுதான். ஒரு தோட்டத்தில் நான்கு பெண்கள் இதே தொழில் செய்தால், ஒரு பொதுச் சமையலறைக்குக் கேளுங்கள். பயன்படாமல் கிடக்கிற பழைய பிள்ளைமடுவம் (பிள்ளை பராமரிக்கும் இடம்), வாசிகசாலை எதுவாவது இருக்கும். ஒரு இடத்தைச் சீராக்கி, ஒரு பதிவு, முறைவைத்து வேலை. பிரதேச செயலகத்தில், சிறு தொழில்களுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் அரசாங்க விதாதா வள நிலையம் இருந்தால் அங்கே முதலில் பேசுங்கள்.

சோதனைச் செலவுதான் எங்களைக் கொல்கிறது. குறைக்க வழி?

நுண்ணுயிர்ச் சோதனைக்கு ஒரு தொகுதியிலிருந்து, அதாவது ஒரே தடவையில் செய்த சரக்கிலிருந்து, ஐந்து மாதிரி எடுப்பது வழக்கமான திட்டம். ஐயாயிரம் போத்தல் செய்பவருக்கு ஐந்து போத்தல் தூசு. நான் ஒரு நாளில் அறுபது போத்தல் செய்கிறேன். அதில் ஐந்து போத்தல் போக, ஆய்வுகூடக் கட்டணம், கொழும்புக்கு அனுப்பும் செலவு. கணக்குப் பார்த்தால் ஜாமைவிடச் சோதனை விலை கூட.

ஒரே செய்முறை, ஒரே மூலப்பொருள் என்றால் பல தொகுதிகளைச் சேர்த்து ஒரு சோதனை, தொடர்ந்து நன்றாக வந்தால் இடைவெளியைக் கூட்டுவது, பிழை வந்தால் மறுபடி இறுக்குவது. இவற்றை நியமத்திலும் சான்றிதழ்த் திட்டத்திலும் எழுதிவைக்கலாம். சலுகை என்று கையேந்துவதைவிட இது மேல்.

பதிவேடு எழுதச் சொல்கிறார்கள். வேலை செய்வதா, எழுதுவதா?

அட, இது எல்லா நாட்டிலும் உள்ள புலம்பல். பிரித்தானியாவின் உணவுத் தர முகமை சிறு உணவுக் கடைகளுக்கென்று ஒரு எளிய கோப்பு வைத்திருக்கிறது. உங்கள் வழமையை ஒருமுறை எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் திறந்து மூடும்போது சரிபார்த்ததற்கு ஒரு கையெழுத்து. ஏதாவது பிழைத்த அன்று மட்டும் என்ன நடந்தது, என்ன செய்தீர்கள் என்று எழுதினால் போதும். இங்கே நான் பார்த்த பதிவேடுகளில், மாதக் கடைசியில் ஒரே பேனாவால் முப்பது நாளுக்கும் குளிர்சாதனப்பெட்டி 4 பாகை என்று நிரப்பியவைதான் அதிகம். அது யாருக்குப் பிரயோசனம்?

சிறு தொழில்களை நியமக் குழுவில் சேர்க்க மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சொல்லலாம். 2012ஆம் ஆண்டின் 1025ஆம் இலக்க ஒழுங்குவிதி, சிறு தொழில்கள் நியமங்களை அடையவும் எழுதுவதில் பங்கெடுக்கவும் வழி செய்யுங்கள் என்று தேசிய நிறுவனங்களைக் கேட்கிறது. வரைவைப் பணமின்றிப் பார்க்க விடுவது, சுருக்கத்தை இணையத்தில் சும்மா போடுவது, குறைந்த விலை, இப்படி. அதைவிடப் பெரிய விஷயம், சிறு வணிகங்கள் சார்பில் குழுக்களில் உட்காரவென்றே பிரஸ்ஸல்ஸில் ஒரு அமைப்பு 2013இலிருந்து இயங்குகிறது. அதற்குப் பொதுப்பணம் கிடைக்கிறது. அது துறை தெரிந்தவர்களை அமர்த்தி, அவர்களைக் கூட்டத்துக்கு அனுப்புகிறது. தச்சுப் பட்டறைக்காரர் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகத் தேவையில்லை.

நியமம் எழுதுபவர்களுக்கும் ஒரு வழிகாட்டி இருக்கிறது. ஐ.எஸ்.ஓ.வும் மின்துறை நியமங்களுக்கான ஐ.ஈ.சி.யும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட வழிகாட்டி 17. முன்னரே ஐரோப்பாவில் இருந்ததை ஒட்டியது. நுண், சிறு, நடுத்தர தொழில்களின் தேவையை எண்ணி எழுதுவது எப்படி என்பதுதான் அதன் பொருள். புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை, நம் குழுக்கள் மேசையில் வைத்து வாசித்தால் போதும்.

எல்லாவற்றையும் கொப்பியடிக்கவும் வேண்டாம். கதிரை போட்டுவிட்டால் குரல் வந்துவிடாது. சின்னவர்களின் பெயரில் ஒருவரைக் குழுவில் வைத்து, அவர் வருடம் முழுக்கத் தலையாட்டிவிட்டுப் போகிற காட்சியை எந்தச் சங்கத்திலும் பார்த்திருக்கிறோம்.

சர்வதேச நியமங்கள் எங்கோ ஜெனிவாவில் எழுதுவது. அவை நம்மை எப்படித் தொடும்?

தேயிலையைக் கேளுங்கள். 2015இல் கிளைபோசேட் களைகொல்லி இங்கே தடைசெய்யப்பட்டது. தோட்டங்களில் களைக்கு வேறு மருந்துகளுக்குப் போனார்கள், எம்.சி.பி.ஏ. அதில் ஒன்று. உணவில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று தனி எல்லை குறிக்கப்படாத மருந்துகளுக்கு ஜப்பானில் பொது எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது நூறு தொன் தேயிலையில் ஒரே ஒரு கிராம். எம்.சி.பி.ஏ. எச்சம் அதற்கு மேல் போய் ஜப்பானுக்கான ஏற்றுமதி சிக்கலில் மாட்டியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடை நீக்கப்பட்டது. டோக்கியோவில் ஒரு தசமப்புள்ளி, தலவாக்கலையில் கொழுந்துப் பை. தொடர்பு அவ்வளவு கிட்ட.

தேநீர் போடுவதற்கே ஒரு நியமம் உண்டு தெரியுமா? ஐ.எஸ்.ஓ. 3103, முதலில் 1980இல் வந்தது. சுவை பார்ப்பவர்களுக்கானது: 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தேயிலை, கொதித்த தண்ணீர், ஆறு நிமிடம். அதன் மூலமான பிரித்தானிய நியமத்துக்கு 1999இல் இக் நோபல் என்ற நையாண்டிப் பரிசும் கிடைத்தது. சிரிக்கலாம், ஆனால் கொழும்பிலும் இலண்டனிலும் ஒரே கோப்பையை ஒப்பிட அது வேண்டும். நுவரெலியாவில் 94 பாகைத் தண்ணீரில் அதே ஆறு நிமிடம் வைத்தால் கொழும்பில் வைத்த அதே தேநீர் வருமா என்று யாராவது தேயிலைக்காரர் சொல்லுங்களேன்.

ஐ.எஸ்.ஓ.வில் நாட்டுக்கு ஒரு வாக்கு. இலங்கையின் வாக்கைப் போடுவது தரநிர்ணய நிறுவனம். ஆகவே அங்கே பேசினால் அந்தப் பேச்சு ஜெனிவா வரைக்கும் போக வழி இருக்கிறது.

சரி, நான் ஒரு ஆள். என்னால் என்ன செய்ய முடியும்?

அந்த 60 நாள். பெரும்பாலானோர் நியமம் வெளிவந்த பிறகு கத்துகிறார்கள். அப்போது காரியம் முடிந்துவிட்டது.

தரநிர்ணய நிறுவனத்தின் இணையதளத்தில் கருத்துக்கு விடப்பட்ட வரைவுகளை மாதம் ஒருமுறை பாருங்கள். உங்கள் பொருள் வந்தால் எழுதுங்கள். "இது சிறு தொழிலாளர்களைப் பாதிக்கும்" என்று பொதுவாக எழுதினால் குழு வாசித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகும். எந்த வாசகம், என்ன குறை, அதற்குப் பதில் என்ன வாசகம், ஏன்? இந்த நான்கும் இருந்தால் செயலாளர் அதற்குப் பதில் குறித்தே ஆக வேண்டிய நிலை வரும். என் ஜாம் விஷயத்தை நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

"இந்த வாசகத்தில் 105 பாகை செல்சியஸ் என்று இருப்பதை நீக்கி, முடிந்த பொருளின் கரைந்த திண்ம சதவீதத்தை மட்டும் குறிப்பிடவும். காரணம்: 1,000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் தண்ணீர் 97 பாகைக்குக் கீழே கொதிப்பதால், 105 பாகைக்குக் காய்ச்சிய பொருள் அளவுக்கு மீறி இறுகிக் கருகும்."

தமிழில் அனுப்பலாம். ஆனால் எண்களைத் தெளிவாகப் போடுங்கள், எந்த மொழிக்காரருக்கும் அது விளங்கும். ஐந்து பேர் தனித்தனியாக ஒரே கடிதத்தைக் கொப்பியடித்து அனுப்புவதைவிட, ஐந்து பேரும் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தோடு உங்கள் சொந்த அளவுகளையும் வைப்பது நல்லது.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாமா?

கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆட்களின் சொந்த விபரம் வேண்டாம். எந்தெந்த நிறுவனங்களின் பிரதிநிதிகள், கடைசி மூன்று கூட்டத்தில் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் நுண்தொழில் தரப்பு எத்தனை என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். அங்கே இருப்பவர்களில் நம் பக்கம் யோசிப்பவர்கள் நிறையப் பேர். கையில் ஒரு கடதாசி இருந்தால் அவர்களுக்கும் உள்ளே பேசச் சுலபம்.

ஒரே ஒரு மாற்றம்தான் கிடைக்கும் என்றால் எதைக் கேட்பீர்கள்?

கூட்டங்களை இணையவழியில் தமிழிலும் பேச விடுவது என்று முன்பு சொல்வேன். இப்போது அப்படி இல்லை. ஒவ்வொரு வரைவின் முதல் பக்கத்திலும் ஒரு கேள்வி கட்டாயமாக இருக்க வேண்டும்: பத்துப் பேருக்குக் குறைந்த தொழில் ஒன்று இதை நிறைவேற்ற என்ன செலவாகும், அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள்? கேள்வியின் இரண்டாவது பாதிக்குப் பதில் எழுத வேண்டுமானால் யாராவது ஒருவர் மலை ஏறி வந்தே தீர வேண்டும்.

இலச்சினையை மட்டும் லேபலில் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

தெரியும். அது குற்றம். அதுபற்றி என்னிடம் போன் எடுக்க வேண்டாம்.

அந்தத் தெர்மாமீட்டர் என்ன ஆனது அக்கா?

சுவரில் தொங்குகிறது. காலையில் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதை விட்டுப் பார்ப்பேன். இன்று 96 காட்டியது. பக்கத்தில் சோக்கால் 101 என்று எழுதிவிட்டு, பழத்தைப் போட்டேன்.